ஊசி போட்டாச்சு

என் கணவர் ஆளைச் சுட்டுப் பிழைக்க வைப்பவர். சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை அதுவல்ல. சம்பள வேலை, காரைக்காலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் உத்தியோகம். சுடுவதெல்லாம் மாலையில் எங்கள் ஊர் நெரவிக்கு வந்த பிறகு. பைக்கை நிறுத்தி, கால் கழுவி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினார் என்றால், மதியழகன் என்ற மனிதர் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம். போனுக்குள் பச்சை அங்கி போட்ட ஒருவன் குறுக்குவில்லைத் தூக்கிக்கொண்டு நடப்பான். அவன்தான் இவர்.

அந்த வில் இவர் கைக்கு வந்தது பொங்கல் சமயத்தில். கல்யாணத்தன்றுகூட இவர் முகம் அப்படிப் பூரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்பின் முனையில் ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே பச்சைத் தண்ணீர். எதிரி மேல் பட்டால் கீறல்கூட விழாது. கூட வருகிற கூட்டாளியின் முதுகில் பாய்ந்தால், அவன் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும் சிவப்புக் கோடு மளமளவென்று ஏறும். அந்தக் கோடுதான் உயிர்.

“நம்ம ஆளையே சுடணுமா?” என்று கேட்டேன்.

“சுட்டாத்தான் பொழைப்பான்.”

“வைத்தியம் பண்ண ஆயுதம் எதுக்குங்க? மருந்த கையில குடுத்தா ஆகாதா?”

“அப்பாவ தெனம் குத்துறியே, அது மட்டும் என்னவாம்?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

 எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர்கள் கூட்டத்தில் அதைக் குறுக்குவில் என்று யாரும் சொல்வதில்லை. ஊசி. நௌஷின் வைத்த பெயர். அவள் இவருடைய ஆபீஸ்தான், வீடு காரைக்கால் டவுனில். கேடயத்தோடு முன்னால் போய் மொத்த அடியையும் வாங்கிக்கொள்வது விளையாட்டில் அவள் பங்கு. கோடு இறங்கியதும் “அண்ணே, ஊசி” என்பாள். இவர் ஒன்று விட்டுவிட்டு “போட்டாச்சு” என்பார். அவள் பேசுவது ஹெட்போனுக்குள்ளேயே நின்றுவிடும். இவர் குரல் மட்டும் கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் வரும்.

இனி என் மாமனார். பெயர் தெட்சிணாமூர்த்தி. வரப்பில் பாம்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுவாரே தவிரப் பயப்படமாட்டார். ஊசியைக் கண்டால் மட்டும் கட்டிலில் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்வார். அவருக்குச் சர்க்கரை. காலையில் ஒரு இன்சுலின், சாயங்காலம் ஒன்று. இரண்டும் வேறு வேறு மருந்து, வேறு வேறு பாட்டில். காலையில் போடுவது நான். சாயங்காலம் யார் கை சும்மா இருக்கிறதோ அவர். போட்டவர் “போட்டாச்சு” என்று குரல் கொடுக்கவேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் மாமா முன்னால் தட்டு போகும். அத்தை தையல்நாயகி உயிரோடு இருந்தபோது வைத்த சட்டம் இது. அத்தை போய்ச் சேர்ந்தும் சட்டம் நின்றது.

தை கடைசியில் சம்பா அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தார். அறுத்த நெல் தாள் குத்தி, வலது கால் பெருவிரல் ஓரத்தில் சின்னதாக ஒரு புண். மஞ்சளைப் பூசிக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான் பார்த்தபோது அது புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது.

டாக்டர் கட்டுப் போட்டார், மாத்திரை கொடுத்தார், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தானாக ஆறிவிடும் என்றார். சர்க்கரை கட்டுக்குள் இல்லை. ஒவ்வொரு முறை பரிசோதிக்கும்போதும் ஏறிக்கொண்டே போனது. புண்ணும் ஆறவில்லை. கட்டை அவிழ்த்தால் ஒரு வாடை வர ஆரம்பித்தது. நான் ஊதுவத்தி ஏற்றிவைத்தேன். மாமா அந்தப் புகையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருடித் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். வேறென்ன நினைப்பது? சீனி டப்பா, வெல்லம், கோயில் பொங்கல், எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“கால் வேணுமா, வேணாமா மாமா? ஒளிச்சு ஒளிச்சுத் தின்னா எப்படி ஆறும்?”

“நான் ஒன்னும் திங்கலம்மா” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

உப்புக் குறைந்தால்கூட வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனிதர். திருடன் என்று சொல்லியும் அன்றைக்குக் கோபப்படவில்லை. அதைப் பார்த்ததும் என் சந்தேகம் இன்னும் கெட்டியாயிற்று.

மாலைகள் ஒரே மாதிரி போயின. நான் தோசையைத் திருப்பிக்கொண்டே “ஊசி போட்டாச்சா?” என்று கேட்பேன். கூடத்திலிருந்து “போட்டாச்சு” என்று வரும். தட்டைக் கொண்டுபோய் மாமா முன்னால் வைப்பேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் வேகமாகச் சாப்பிடுவார்.

அப்படி ஒரு மாலை இவருக்குக் காப்பி கொடுக்கப் போனபோது திரை இருட்டாக இருந்தது. ஏதோ சுடுகாடு. மண்ணுக்குள்ளிருந்து கைகள் கிளம்பின. இவர் அந்தப் பிணங்களின் மேல் அதே பச்சை அம்பை விட்டார். அவை புகைந்து சுருண்டு விழுந்தன. 

“இது ஆத்துற ஆயுதம்னீங்க?”

“உசுரோட இருக்கிறவனுக்குத்தான். செத்தவன் மேல பட்டா கொன்னுடும்.”

“ரெண்டுக்கும் ஒரே ஊசியா?”

“ஊசி ஒன்னுதான். யாரு மேல படுதுன்னு தெரிஞ்சு போடணும்.”

மாசி பாதியில் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பக்கத்து விரலிலும் அந்த நிறம் தொற்றியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை வெகுநேரம் பார்த்தார். ஊசியெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். சத்தியம் பண்ணாத குறையாக, ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றேன்.

“அப்ப இந்த அளவு பத்தல. சாயங்கால மருந்த நல்லா கூட்டித் தரேன். இந்த வாரம் பாப்போம். எறங்கலன்னா ரெண்டு விரலையும் எடுக்கிறதப் பத்திப் பேசணும். அதுவும் தாமதிச்சா, எங்க நிறுத்தறதுன்னு நம்ம கையில இருக்காது.”

மாமா ஆட்டோவில் வீடு வரும்வரை அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் ஏதோ சொல்ல வந்து விழுங்குவது போல எனக்குத் தோன்றியது, பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை விளையாட்டு ஓடவில்லை. ஏதோ அப்டேட்டாம், ராத்திரி ஆகுமாம். இவர் கூண்டில் அடைத்த கோழி மாதிரி வீட்டுக்குள் சுற்றிவந்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன். “ஊசி போட்டாச்சா?” கொஞ்சம் பொறுத்து, “போட்டாச்சு” என்று வந்தது. தட்டைக் கொண்டுபோனேன். மாமா வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் சுண்டியிருந்தது. ஒரு தோசையில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போதும் என்று தட்டைத் தள்ளினார். விரலை நினைத்துக் கவலை என்று நானும் வற்புறுத்தவில்லை.

பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் மாமா கட்டிலில் உட்கார்ந்து என்னையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

“தையல்நாயகி, மடைய அடைச்சியா?” என்றார்.

“மாமா, நான் அல்லி.”

“தண்ணி ஏறுதுடி. மடைய அடை.”

கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. நாக்கு குழறிற்று. நான் போட்ட சத்தத்தில் இவர் ஓடிவந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

“சர்க்கர எகிறிடுச்சு. இன்னொன்னு போட்டுடலாம்.”

“டாக்டருக்குப் போன் பண்ணுங்க முதல்ல.”

“அதுக்குள்ள எறங்கிடும் அல்லி. எறங்கும்போதே போட்டுடணும்.”

எது இறங்குகிறது, எது ஏறுகிறது, எந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஊசியில் மருந்தை இழுத்தார்.  அப்பாவின் சட்டையைத் தூக்கி வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் கை அவ்வளவு நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேஜையில் மருந்து பாட்டில் நின்றது. கழுத்து வரை மருந்து. பக்கத்தில் அதன் பிளாஸ்டிக் மூடி, அப்போதுதான் பிய்த்தது.

“இந்தப் பாட்டில எப்பத் தொறந்தீங்க?”

“இன்னைக்குத்தான். நீ புதுசு வாங்கி வச்சிருந்தேல்ல?”

“அத நான் பொங்கல் கழிஞ்ச மறுநாள் வாங்கினேன்.”

அவர் கை அப்படியே நின்றது.

“அப்ப இத்தன நாளா சாயங்காலம் எதப் போட்டீங்க?”

“நான் எங்க போட்டேன்? நீதானே போடுவ. இன்னைக்கு நீ கேட்டது காதுல விழுந்துச்சு, அதான் போட்டேன். தட்டு வந்துடும். போடாம நீ தட்டு வப்பியா?”

“போட்டாச்சு, போட்டாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் கிடந்த போனைப் பார்த்தார்.

“அது நௌஷினுக்கு” என்றார்.

பொங்கலிலிருந்து இந்த உடம்புக்குள் சாயங்கால மருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. போகிறது என்று நம்பி டாக்டர் அளவைக் கூட்டினார். கூட்டிய அளவு முழுசாக இன்றைக்கு இறங்கியிருக்கிறது, பாதித் தோசை மேல். மாமாவுக்குச் சர்க்கரை ஏறவில்லை. அதலபாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொரு ஊசி அவர் தோலிலிருந்து ஒரு நெல் தூரத்தில் நிற்கிறது.

கையைத் தட்டிவிட்டேன். ஊசி எங்கோ போய் விழுந்தது. சீனிக்கு ஓடினால் சீனி பீரோவில், பூட்டுக்குள். இடுப்புச் சாவி விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது. என் வாழ்க்கையில் நான் என்னையே அவ்வளவு திட்டிக்கொண்டதில்லை. ஒரு வழியாகத் திறந்து, டப்பாவோடு வந்து, மாமாவின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சீனியை அப்பித் தேய்த்தேன். இவர் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். எண்ணைச் சரியாக அழுத்தத் தெரியாமல் மறுபடி மறுபடி அழுத்தினார்.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் வார்டில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருக்க, கஞ்சி குடித்தார். இவர் வெளியே வராந்தா பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் போய் எடுத்துப் பார்த்தேன், நௌஷின். “அவரு இனிமே வரமாட்டாரும்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் பண்ணினாள்.

திரும்பி வந்து மாமாவிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவரு போடல, நானும் போடல. குத்தலன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஏன் மாமா வாயத் தொறக்கல?”

கஞ்சி டம்ளரைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

“நீ அடுப்படியில கேப்ப. அவன் கூடத்துல போட்டாச்சும்பான். நீ தட்ட வச்சுடுவ. மொத நாளு சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம், ஒரு வேளையாவது குத்தாம சாப்புடலாமேன்னு...” குரல் இறங்கிற்று. “அது பழகிப்போச்சும்மா.”

எனக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நர்ஸ் வந்து கால் கட்டை அவிழ்த்தாள். பெரிய டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், தொட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

“தொட்டா வலிக்குமே” என்றார் மாமா. “அவரு வந்து அமுக்குறதுக்கு முன்னாடி நீயே மெதுவா பாத்துடும்மா. உனக்குத்தான் பக்குவம் தெரியும்.”

கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். பல்லைக் கடித்தார். நான் பெருவிரலைத் தொட்டேன். மெதுவாக அமுக்கினேன். அவர் முகம் மாறவில்லை. அடுத்த விரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினேன். பிறகு பாதத்தின் நடுவில். பிறகு கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, என் நகம் முழுசாகப் பதியும்படி.

“என்னம்மா யோசிக்கிற,” என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல். “சீக்கிரம் தொடு. எவ்வளவு நேரம் இப்படிப் பயந்துகிட்டே இருக்கிறது.”