கைதட்டக் கூடாத அறையில் ஒரு வாக்கெடுப்பு

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாள் மூலையிலிருந்து வந்தது. எங்கோ ஒரு கூட்டத்தில் கைதட்டுவதற்குப் பதிலாகக் கையை உயர்த்தி விரல்களை ஆட்டினார்களாம். கைதட்டும் சத்தம் சிலருக்குக் காதில் ஆணி அடிப்பது போலிருக்குமாம். மீதி முழுக்க என் கற்பனை.

முதல் வரி: "மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். நாடாளுமன்றக் குழு அறையில் சன்னல் கிடையாது.

"அக்கா பேனாவைத் திறந்தாள்." இது இருக்கட்டும்.

அக்கா அந்தக் குழுவின் எழுத்தர். உறுப்பினர்கள் தூக்கும் கைகளை எண்ணி எழுதுவது அவள் வேலை. அன்றைய மசோதா, ஆட்டிசம் பற்றிய மருத்துவ ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்குவது. ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுக்கு மட்டும்தான். அந்த வரம்பை நீக்க ஒரு திருத்தம் வருகிறது. தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் தம்பிக்கு ஆட்டிசம். முப்பதைத் தாண்டிவிட்டான். அண்மையில் வலிப்பு வரத் தொடங்கியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் டாக்டர் கையை விரிக்கிறார்: "பெரியவங்களைப் பத்தி ஆராய்ச்சியே இல்லைம்மா."

(அக்கா எழுத்தர், தம்பி அன்று குழுவின் முன் பேச வந்த சாட்சி. இதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். நான்தான்.)

2

தம்பியை எழுதுவதில் தடுமாறினேன். "எண்களைப் பார்த்தால் அவனுக்கு வண்ணங்களாக—" என்று ஆரம்பித்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இந்தத் தம்பி கணக்கில் மக்கு. பொய்யும் சரளமாகச் சொல்வான். சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டதாகத் தினமும் சொல்கிறான்.

மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினான்.

"பதினெட்டாவது பொறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். மறுநாள் காலைல எழுந்து பார்த்தேன். ஆட்டிசம் அப்படியே இருந்துச்சு. அதுகிட்ட யாரும் சட்டத்தைச் சொல்லலை போலிருக்கு."

3

தலைவருக்குப் பசி. தம்பி முடித்த அதே மூச்சில், "திருத்தத்தை ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. உறுப்பினர்கள், காலையில் சொல்லிக்கொடுத்தபடி, கைதட்டுவதற்குப் பதிலாகக் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். நிதி விஷயத்தில் கறாரான உறுப்பினர் இரண்டு கைகளையும்.

"அடேயப்பா, ஏகமனசா ஆதரிக்கிறீங்களே!" என்றார் தலைவர்.

விரல்கள் நின்றன. கைகள் இறங்கவில்லை. இப்போதுதான் பாராட்டிய ஆளின் கண்ணெதிரே முதலில் கையை இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தம்பி எழுத்தர் மேசைப் பக்கம் குனிந்தான்.

"அக்கா, அது ஓட்டு இல்லை. கைதட்டல்."

"தெரியும்டா. வாயை மூடு."

"எழுதப்போறியா?"

"எழுதினா உனக்குத்தான்டா நல்லது."

"எனக்குத்தானே? அப்ப என்கிட்ட கேளு."

"சரி, சொல்லு. எழுதவா?"

அவன் யோசித்தான். "நான் பொய் சொன்னா பரவாயில்லை, பழக்கம். நீ மாட்டிப்பே."

4

முடிவு ஒன்று: எழுதுகிறாள். திருத்தம் நிறைவேறுகிறது. கறார் உறுப்பினர் அன்றுமுதல் தன் தொலைநோக்கைப் பற்றி மேடைமேடையாகப் பேசுகிறார்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். மறுவாக்கெடுப்பில் எல்லோரும் மனம் மாறி— இல்லை, இதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறாள், திருத்தம் தோற்கிறது, அடுத்த வலிப்பு வரும்போது தம்பி

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

"என்னம்மா, எண்ணியாச்சா?" என்கிறார் தலைவர்.

அக்கா எழுந்து நிற்கிறாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம். நீங்கள் சொல்லும்வரை அங்கே யாரும் கையை இறக்க முடியாது. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தோள்வலி.