சுவிட்சில் சட்டை இல்லை

அண்ணன் வீசிய இரும்பு ஸ்டூல் ஒட்டகம் மாமாவின் தோளில் பட்டுச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்து விழுந்தது. பட்டறை ஆட்கள் எழுந்தார்களே தவிர யாரும் குறுக்கே வரவில்லை. கூடத்தில் அப்பாவை முகம் மட்டும் தெரியும்படி துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். மற்றதைக் காட்ட முடியாது.

ஒட்டகம் ரப்பர் பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்தவர். உயரத்துக்கும் கூனலுக்கும் அந்தப் பெயரை வைத்ததே அப்பாதான். நேற்று அப்பா கலவை மிஷினுக்குள் இறங்கி ஒட்டிய ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சுவிட்சைப் போட்டவரும் அவர்தான்.

அண்ணன் மறுபடி ஸ்டூலை எடுத்தான். தங்கை நடுவில் போய் நின்றாள். அந்த வீட்டின் ஒரே பட்டதாரி. நேற்றிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. படிச்ச திமிர் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

“அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசி,” என்றாள்.

“நீ யோசி. அதுக்குத்தான உன்னைப் படிக்க வச்சாரு. எனக்கு அடிக்கணும்.”

அவள் ஒட்டகத்தின் பக்கம் திரும்பினாள். மிஷினுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட முதலாளிக்கு மனசு வரவில்லை. ஆட்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளே இறங்குகிறவன் சட்டையைக் கழற்றிச் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்குவான். அது தொங்கும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். பூட்டையாவது எவனாவது உடைப்பான், சட்டையை எவனும் தொட மாட்டான் என்று அப்பா பீற்றிக்கொள்வார்.

“மாமா, சுவிட்சுல சட்டை இருந்துச்சா?”

“இல்ல பாப்பா.”

“கேட்டியாண்ணா? சட்டை இல்லைன்னா உள்ள ஆள் இல்லைன்னுதான் அர்த்தம். இவர் மேல தப்பே இல்ல.”

அண்ணனின் கை தாழ்ந்தது. அவள் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்டே பழகிய வாய்.

“ஏன் மாட்டல?”

“அது வேணாம் பாப்பா.”

“சொல்லுங்க.”

ஒட்டகம் தரையைப் பார்த்தபடி சொன்னார். “நீ மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்த சட்டை. சுவிட்செல்லாம் கரி. பேப்பர்ல சுத்தி சாப்பாட்டுப் பைக்குள்ள வச்சுட்டான். காலையில எல்லாருக்கும் காட்டினான். கையக் கழுவிட்டுத் தொடுங்கடான்னான்.”

ஒட்டகத்தின் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது தன் கை என்று அவளுக்குத் தெரிந்தது.

“உங்க மேல தப்பில்ல மாமா,” என்று மறுபடி அறைந்தாள். “எனக்குத் தெரியும்.” கை தானாக முஷ்டியாகியிருந்தது. வாயில் குத்தினாள். “தப்பே இல்ல.” சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அடித்த ஒவ்வொன்றும் உண்மை. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவளுக்கு எட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தார்.

ஸ்டூலைப் போட்டுவிட்டு அண்ணன் ஓடிவந்து அவளை இடுப்போடு பிடித்து இழுத்தான். “விடுடி. அவரு என்னடி பண்ணுவாரு.” அவன் முழங்கையையும் கடித்தாள். அப்பாவின் கால்மாட்டில் இருந்த அம்மா சற்று நகர்ந்து ஒட்டகத்துக்கு இடம் விட்டாள்.

நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் ரத்தத்தைத் துடைக்கத் துண்டை நனைத்துக்கொண்டு ஒட்டகத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு பல் இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்பாவைத் தூக்கியபோது அந்தக் கையை மூடியபடியே பின்னால் நடந்தாள்.