முயல் லென்ஸ் படம்

அக்காவுக்குத் தையல் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்பே டாக்டர், “கண்புரை, ஆபரேஷன் பண்ணிடலாம்” என்று சொல்லியிருந்தார். கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம். எனக்குத் தெரியாமல் ஏதோ சொட்டு மருந்தை வாங்கி, தினம் மூன்று வேளை விட்டுக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் தையல் மெஷின் இழுப்பறையில் அந்தப் பாட்டில் அகப்பட்டது.

‘புரை வராமல் தடுக்கும், வந்ததைக் கரைக்கும் ஆன்டிஆக்சிடன்ட்’ என்றது கூட இருந்த சீட்டு. அதில் முயல்களின் கண் லென்ஸ் இரண்டின் படம்: ஒன்று மருந்து விடாமல் வெளுத்தது, மற்றது மருந்து விட்டுத் தெளிவானது. படத்தை எடுத்ததே நான்தான்!

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளில் அடைத்து, முயல்களின் கண்ணில் விட்டோம். அப்போதுதான் அது லென்ஸ் வரை போனது. வெறும் தண்ணீரில் கரைத்து விட்டால் கண்ணீரோடு வழிந்துவிடும். எதில் எவ்வளவு லென்ஸுக்குப் போனது என்று அளந்து எழுதியதும் நான்தான். மனிதர் கண்ணில் இன்னும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. பாட்டிலில் இருந்ததோ, அதன் மேலேயே போட்டிருந்தபடி, வெறும் தண்ணீர்க் கரைசல்.

மறுநாள் பாட்டிலையும் சீட்டையும் எங்கள் ஆய்வுக்கூடப் பேராசிரியர் மேசையில் வைத்தேன்.

“மருந்துக் கம்பெனிக்காரங்க படம் கேட்டாங்கம்மா, குடுத்தேன். கண்ணு ஒண்ணும் கெடாது, தண்ணி மாதிரிதான்.”

“அந்தத் தண்ணியை நம்பித்தான் சார் எங்கக்கா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கா!”

“உனக்கு எதுக்கு இந்த வம்பு? போய் வேலையைப் பாரு.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அளவுக் குறிப்புகளை நகலெடுத்து, என் பெயரைப் போட்டே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அக்காவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். “நல்லா முத்திப்போச்சே” என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சிரமப்பட்டுத்தான் புரையை எடுத்தார்கள். நல்லவேளை, பார்வை திரும்பியது.

இரண்டு மாதத்தில் மருந்துச் சீட்டிலிருந்து முயல் லென்ஸ் படம் போய், பூப்படம் வந்தது. மருந்து மட்டும் கடைகளை விட்டுப் போகவில்லை. பேராசிரியர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மருந்து இன்னும் விற்கிறது என்று கேட்டதும் அக்கா செருப்பை மாட்டினாள். மருந்துக்கடையில் ஒரு அம்மா அதே பாட்டிலைக் கையில் வைத்திருந்தார்.

“கீழ வைங்க அதை! இதை நம்பி எனக்குக் கண்ணே போகப் பாத்துச்சு.”

“வியாபாரத்தைக் கெடுக்காதீங்கக்கா” என்றார் கடைக்காரர்.

“அடுத்தவங்க கண்ணைக் கெடுக்கிறதுக்குப் பேரு வியாபாரமா?”

அந்த அம்மா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கும் ஆபரேஷன்னா பயம்மா” என்றார் மெதுவாக.

அக்கா அவரை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.