வலது கைப் பங்கு

வலது கையை இடது கையால் தூக்கி மடியில் உட்காரவைத்த பிறகுதான் அவர் கீபோர்டைத் தொடுவார். அந்தக் கை வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி. ஒரு வேலையும் செய்யாது. ஆனால் குளிப்பாட்ட வேண்டும், நகம் வெட்ட வேண்டும், குளிருக்குப் போர்த்த வேண்டும், கவனிப்பு கொஞ்சம் குறைந்தாலும் தொப்பென்று சரிந்து வீட்டையே பதறவைக்கும். "மாப்பிள்ளை உட்காந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பியானோக்காரர் ஹெட்போனை மாட்டினார். டைப்பிஸ்ட் அனுப்பிய பதிவு வந்திருந்தது.

பக்கவாதம் வருவதற்கு முன்பு அவர் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் பியானோ வாசித்தார். பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு லிஃப்ட் மணியின் மேல் இருந்த மரியாதை அவர் வாசிப்பின் மேல் இருந்ததில்லை. ஊரார் பாட்டுகளுக்கு நடுவே தன் சொந்த மெட்டு ஒன்றையும் திருட்டுத்தனமாகச் செருகுவார். அதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் அந்த மெட்டின் நடுவில்தான் பாதி உடம்பு அணைந்தது. முகம் கட்டைகள் மேல் விழுந்தபோது எழுந்த ஓசையைப் புதுமாதிரி இசை என்று நினைத்து ஒருவர் கைதட்டினார். அத்தனை வருட உழைப்புக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவரின் கைப்பேசியில் 'ஒத்தைக்கையர் சபை' என்ற குழுவைத் தேடி எடுத்துக் கொடுத்தது மனைவிதான். கையோ காலோ கண்ணோ பாதியில் கைவிட்டவர்கள் வாசித்துப் பதிவேற்றும் இடம். ஒருவர் கால்விரலால் கிட்டார் மீட்டினார். ஒருவர் சக்கர நாற்காலியில் கட்டிய மவுத்தார்கனை ஊதினார். பியானோக்காரர் எரிச்சலில் ஒரே வரி எழுதினார்: 'வாசிச்சவன் செத்துட்டான்.' உடனே பதில் வந்தது: 'செத்த இடத்துல நெட் எப்படி சார் இருக்கு? சிக்னல் ஃபுல்லா வருதா?'

எழுதியவர் டைப்பிஸ்ட். வேறெங்கோ ஓர் ஊரில் அலுவலகத் தட்டச்சராக இருந்தவர். தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் நோய். இடது கை முதலில் போயிருந்தது. அவரிடம் வலது இருந்தது, இவரிடம் இடது. இரண்டு பாதிகளையும் சேர்த்தால் ஒரு பியானோக்காரர் தேறுவார் என்று சபை கணக்குப் போட்டது. அப்படித்தான் ஹோட்டலில் யாரும் கண்டுகொள்ளாத அந்த மெட்டை முதல்முறையாகப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். டைப்பிஸ்ட்டின் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. "கழட்ட வேணாம் மேடம், அதுவே நமக்குத் தாளம்" என்று இவர் சொல்லிவிட்டார். ஒரு டிக்குக்கு ஒரு தட்டு. அவர் வலது பங்கை வாசித்து அனுப்ப, இவர் அதன் அடியில் இடது பங்கை வாசித்து ஒட்டுவார். அந்த நாட்களில் பியானோக்காரர் தானாக எழுந்து சவரம் செய்துகொண்டார். இஸ்திரிக் கடை வேலை முடிந்து திரும்பும் மனைவி, "என்னங்க, உங்க வலது கை வந்துருச்சா?" என்று கேட்டபடிதான் செருப்பைக் கழற்றுவாள்.

பிறகு பதிவுகள் தாமதமாயின. டைப்பிஸ்ட் எழுதுவதை விட்டுவிட்டுக் குரலில் பேசி அனுப்பத் தொடங்கினார். தட்டச்சர் ஒருவர் தட்டச்சை ஏன் விட்டார் என்று இவருக்கு உறைக்கவில்லை. மெட்டில் கடைசிப் பகுதி மட்டும்தான் பாக்கி. அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மேடம், நத்தைக்கு டியூஷன் எடுக்கிறீங்களா? முடியலன்னா சொல்லிருங்க, வேற வலது கையைப் பாத்துக்கிறேன்" என்று அனுப்பினார். தமாஷுக்குத்தான். டைப்பிஸ்ட்டும் சிரித்துத்தான் பதில் அனுப்பினார்.

இன்று வந்திருந்தது அந்தக் கடைசிப் பகுதி. சுரங்கள் சுத்தமாக, முதல் நாள் வாசித்த மாதிரியே இருந்தன. இவர் கீழே இடது கையைச் சேர்க்கப் போனார். கால் தானாகத் தாளம் போடப் பார்த்தது, முடியவில்லை. ஏதோ இடித்தது. பின்னணியில் கடிகாரம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. டிக்டிக்டிக்டிக் என்று, ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி. நடுவே யாரோ அவசரமாக முணுமுணுத்தார்கள்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அவர்கள் பதிவுசெய்யும் செயலியில் இருந்தது. மெதுவாகப் போட்டுப் பயிற்சி செய்யச் சொல்லி டைப்பிஸ்ட்டுக்குக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான். அதைப் பின்னால் திருப்பினார். கடிகாரம் தன் நடைக்கு வரும்வரை திருப்பினார். முணுமுணுப்பு, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல, இரண்டு குரல்களாகப் பிரிந்தது.

"இதுவா?" ஆண் குரல். கணவராக இருக்க வேண்டும்.

"ம்ஹூம். பக்கத்துல. கறுப்பு."

"இந்தக் கறுப்பா?"

"ம். இப்ப அமுக்குங்க."

ஒரு சுரம். பிறகு கடிகாரம் மட்டும், வெகுநேரம்.

"விரலை எடுங்க... மெதுவா. அடுத்தது நடுவிரல்."

"வலிக்குதா?"

"இல்ல. உங்க மூச்சு மைக்ல விழுது, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

இன்னொரு சுரம்.

"நாளைக்குப் பாத்துக்கலாமே."

"நாளைக்குன்னா? அவரு வேற கையைப் பாத்துருவாரு."

பியானோக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். மனைவி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கேட்டதைச் சொன்னார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க."

"சொன்னா அன்னிக்கோட நிறுத்திருவாங்க."

"சொல்லாம இருங்க அப்ப."

"சொல்லலன்னா அந்த மனுஷன் ஒவ்வொரு விரலா நட்டு நட்டுப் பிடுங்கிக்கிட்டு இருப்பாரு."

"அப்ப என்னதான் பண்றது?"

"வேற கை வேணாம்னு மொதல்ல சொல்லணும்" என்றார். 'எனக்கு வேற கை வேணாம் மேடம். தமாஷ் இல்ல' என்று எழுதி அனுப்பினார். பிறகு இதுவரை சேர்த்த தன் இடது பங்கு முழுவதையும் அழித்தார்.

"ஐயோ, என்னங்க இது!"

"அவங்க வேகத்துக்கு வாசிக்கிறேன்."

"அந்த வேகத்துல பாட்டா இருக்குமா?"

"இருக்காது."

ஹெட்போனை மறுபடி மாட்டி, மெதுவாக்கிய பதிவை ஓடவிட்டு, பதிவுப் பொத்தானை அமுக்கினார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் கட்டையை அழுத்தினார். தாழ்ந்த சுரம் அறையில் பரவி, மெலிந்து, அடுத்தது வருவதற்குள் செத்துப்போனது. டைப்பிஸ்ட்டின் சுரம் தன்னந்தனியாக வந்து, அதுவும் செத்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. "இதுவா?" என்றார் கணவர். "ம்ஹூம்" என்றார் டைப்பிஸ்ட். அந்தச் சத்தத்தை இவர் நீக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?" மனைவி மெல்லக் கேட்டாள்.

இல்லையென்று அவர் தலையை மட்டும் அசைத்தார். இடது சுண்டுவிரல் அடுத்த கட்டைக்கு ஓர் இழை மேலே நின்றது. ஹெட்போனுக்குள் யாரோ ஒருவர் தன் மனைவியின் விரலைக் கையில் ஏந்தி இடம் தேடிக்கொண்டிருந்தார். இவர் தன் விரலை இறக்காமல், அப்படியே வைத்திருந்தார்.