முதுகில் கை வைக்கும் வரி

வக்கீல் நோட்டீஸ் வந்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியிலிருந்து, கமாக்காரர் மொழிபெயர்த்த கிறிஸ்தவ வேதத்தை அந்த ஊரில் யாராலும் சத்தமாக வாசிக்க முடியவில்லை. வாய் அசைந்தது, மூச்சு வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மற்ற மொழி வேதங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றைத் தொண்டை கிழிய வாசிக்கலாம். ஜெராக்ஸ் கடையில் கமாக்காரருடைய பக்கங்களை வைத்தால், தாள் சூடாக, வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. கடைக்காரன் அவருக்கு மைத்துனன். மெஷினை மூன்று தடவை பிரித்துப் பூட்டிவிட்டு, "அத்தான், கல்யாணப் பத்திரிகை வருது, கரண்ட் பில் வருது, பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போட்ட சீட்டுகூட வருது. உங்க வேதம் மட்டும் வரமாட்டேங்குது" என்றான்.

கமாக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு கமா இடம் மாறினாலும் ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்வார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவர் தெருக்காரர்கள் வீட்டில் பேசிய மொழி சின்னது, அதில் அதுவரை வேதம் கிடையாது. ஞாயிறுதோறும் கோயிலில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிவிட்டு வந்த அந்த ஜனங்களுக்காக, வேலை முடிந்து வந்து, சமையலறை மேஜையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு வரியையும் மனைவியிடம் வாசித்துக் காட்டுவார். அவள் "ம்" என்றால் வரி நிற்கும், "இப்படி யாரு பேசுறா?" என்றால் அப்போதே அடித்துவிடுவார். ஆறுதல் என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் இல்லை. நான்கு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டே, "எங்கம்மா செத்தப்போ நீங்க ஒண்ணும் பேசலை. பக்கத்துல வந்து முதுகுல கை வச்சீங்க. அதைத்தானே தேடுறீங்க?" என்றாள். அதிலிருந்து அந்த வேதத்தில், ஆறுதல் வருகிற இடத்திலெல்லாம் கடவுள் முதுகில் கை வைக்கிறார்.

இத்தனையும் பார்த்த மனுஷன் ஒன்றைப் பார்க்காமல் விட்டார். அச்சிட முன்வந்த சங்கத்தின் அதிகாரி ஒன்பது பக்க ஒப்பந்தத்தை நீட்டியபோது, வேத காரியத்தில் சந்தேகப்பட்டு வாசித்தால் பாவம் என்று நினைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணைத் திறந்து ஜெபம் பண்ணியிருக்கக் கூடாதா, அய்யா! அச்சிடவும் நகலெடுக்கவும் உரக்க வாசிக்கவும் உள்ள உரிமை முழுக்கச் சங்கத்துக்கே என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. முதல் பதிப்பு தீர்ந்தது. சங்கம் மறுபடி அச்சிடவில்லை, வேறு யாரையும் அச்சிட விடவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மைத்துனன் சும்மாவே நகலெடுத்துக் கொடுத்தான். அதற்குத்தான் நோட்டீஸ்.

ஊர் இரண்டு வாரம் ஆச்சரியப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. கமாக்காரருக்கு அது கொடுத்துவைக்கவில்லை. அந்த மாதமே அவர் மனைவி படுத்த படுக்கையானாள். டாக்டர் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம வரியை ஒருதடவை வாசிங்க. உங்க வாயால கேட்டுட்டுப் போறேன்."

அவர் வாசித்தார், சத்தம் இல்லை. புத்தகத்தை மூடிவைத்து மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தார், அப்போதும் இல்லை. இரண்டு சொல்லை மாற்றிப்போட்டுச் சொன்னபோது குரல் கணீரென்று வந்தது. அவள்தான், "இது நம்ம வரி இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அனுமதி கேட்டுச் சங்கத்துக்கு எழுதினார். படிவம் அனுப்பினார்கள். வாசிப்பதன் நோக்கம் என்ற கட்டத்தில், மனைவி கேட்கிறாள் என்று எழுதி அனுப்பினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஐந்தாவது வாரம், ஒரு பிற்பகல், அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. புத்தகத்தைத் திறந்து வாயை அசைத்தார், அசைத்தார், ஒன்றும் வரவில்லை. "நான் எழுதினதுதானே! நீ சொல்லித்தானே எழுதினேன்!" என்று கதறினார், அதற்குக் குரல் தாராளமாக வந்தது. பிறகு புத்தகத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு, அவளை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் கை வைத்தார்.

"ம்" என்றாள் அவள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அடக்கம் முடிந்து பதினோராம் நாள் சங்கத்தின் அனுமதி வந்தது. ஒரே ஒருமுறை, வீட்டுக்குள், ஒரு நபர் கேட்க, அந்த ஒரு வரியை உரக்க வாசிக்கலாம் என்று முத்திரையோடு இருந்தது. கமாக்காரர் அதை மூன்று தடவை வாசித்தார். பிழை எதுவும் இல்லை. சமையலறை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார், இன்றுவரை எடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோயிலில் வாசகர் எழுந்து நின்று வாயை அசைப்பார். உதட்டசைவில் அந்த வரி வந்ததும், ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருப்பவர் முதுகில் கை வைப்பார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வேதம் என்றாலே அப்படித்தான் என்று நினைக்கிறார்கள், யாரும் திருத்துவதில்லை. கமாக்காரர் மூன்றாவது பெஞ்சில், பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு உட்காருவார். பின்னால் இருக்கும் மைத்துனன் எட்டி அவர் முதுகில் கை வைப்பான். அவர் திரும்பிப் பார்க்காமல், "ம்" என்பார். பிறகு அடுத்த வரிக்குப் போவார்கள்.