உள்ளே பூட்டிய ஷெட்

டிரைவர் வேலையை விட்டு ஆறு வருஷமாயிற்று. ஆனாலும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துப் பார்த்தே பழகியவர், முன்னால் நிற்கிறவனையும் நம்பமாட்டார். தன் பழைய காரைப் பெயிண்ட் கடையில் விடாததற்கும் அதுதான் காரணம். "அவன் துருவச் சுரண்டமாட்டான். மேலாக்க பூசி மினுக்கிக் குடுப்பான். மூணு மாசத்துல கொப்புளம் கொப்புளமா வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கினார்.

இறங்கியதில் முதல் பலி வீட்டிலிருந்த வேக்குவம் கிளீனர். மகள் தன் அம்மாவுக்கென்று வாங்கிக் கொடுத்தது. உறிஞ்சுகிற பக்கத்துக் குழாயைப் பிடுங்கி ஊதுகிற பக்கத்தில் மாட்டி, அதன் நுனியில் பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே துப்பாக்கியைக் கம்பி போட்டு இறுக்கினார். அந்த அமளியில் சுவிட்ச் உடைந்து போயிற்று. ஒயரை நேரடியாக முறுக்கிவிட்டார். பிளக்கைச் சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். அவ்வளவுதான்.

மனைவி வந்து பார்த்தாள். "என் பொண்ணு எனக்கு வாங்கிக் குடுத்தது."

"ஊதுனா தேஞ்சா போயிடும்?"

அதோடு பேச்சு நின்றது. மூன்று நாளாயிற்று. டீ வேண்டுமென்றால் கார் நின்ற ஷெட்டுக்கும் சமையலறைக்கும் பொதுவாக இருந்த சுவரைத் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் ஷெட் வாசலில் டம்ளர் 'ணங்' என்று உட்காரும். அந்தச் சத்தத்திலேயே அவள் மனசு தெரியும்.

நாலாம் நாள் காலையில் கடைசிப் பூச்சு. முந்தின பூச்சின்போது ஷெட் கதவு திறந்துகொண்டு, ஈர பெயிண்ட் மேலெல்லாம் மண் ஒட்டி, திரும்பவும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்படி ஆயிற்று. காற்றுதான் திறந்தது என்று அவர் நம்பவில்லை. இந்தத் தடவை கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். மெஷினை வெளியே வைத்தால் தெருத்தூசியை இழுக்கும் என்று உள்ளேயே வைத்தார். ஒயர் மட்டும் சுவரிலிருந்த ஓட்டை வழியாகச் சமையலறைக்குப் போயிற்று. அங்கே பிளக்கைச் சொருகி, அவள் ஆத்திரத்தில் பிடுங்கிவிடக் கூடாதென்று அதன்மேலும் டேப்பைச் சுற்றினார். சட்டையிலிருந்து நூல் பறக்கும் என்று அதைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினார். உள்ளே வந்து அமுக்குப் பூட்டைப் போட்டு 'டக்' என்று அமுக்கினார். சாவி சட்டைப் பையில் இருந்தது.

பெயிண்ட் என்னவோ அழகாகத்தான் விழுந்தது. பானெட், இடது பக்கம் இரண்டும் முடிந்து வலது கதவில் பாதி வந்தபோது தலை லேசாகச் சுற்றியது. மூக்கில் கட்டிய துண்டையும் மீறி, பெயிண்டில் கலந்த தின்னர் நெடி. நாற்பது வருஷம் புகை குடித்த எனக்கா என்று இன்னொரு பட்டை அடித்தார். அப்புறம்தான் மெஷின் பக்கம் கண் போயிற்று.

மோட்டாரின் காற்றுத்துளைக்குள் நீலமாகப் பொறி தெறித்துக்கொண்டிருந்தது. ஷெட் முழுக்கப் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிற தின்னர் ஆவி. அதைத்தான் மெஷின் இழுத்து, பொறிமேல் ஓட்டி, ஊதிக்கொண்டிருந்தது.

எரிந்த பெட்ரோல் லாரியிலிருந்து ஒருத்தனை இறக்கியதில் டிரைவரும் ஒரு கை கொடுத்தவர். இறக்கும்போது அவன் தோல் கையோடு வந்தது. துப்பாக்கியை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார். பூட்டைப் பிடித்த பிறகுதான் சாவி எங்கே என்பது உறைத்தது. சன்னலைத் தள்ளினார். அது திருடனுக்குப் பயந்து போன வருஷம் அவரே வெளியிலிருந்து ஆணியடித்தது.

மெஷினில் ஒயரைப் பிய்த்தால் அங்கேயே பொறி பறக்கும். அதைத் தொடப் பயமாக இருந்தது. அப்போது கண்ணில் பட்டது இன்னொன்று. பெயிண்ட் புகை மெல்லிய நூலாகத் திரண்டு ஒயர் ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. அது இழுக்கிறது.

கத்தினார். மெஷின் போட்ட கூச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. சுவரைத் தட்டினார். கை வலிக்கத் தட்டினார். தட்டிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தார்.

அவள் முகத்தைச் சுளித்தபடி எழுந்து வந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். டீ கேட்டுத்தான் இந்த மனுஷன் இப்படி உயிரை வாங்குகிறார் என்று முணுமுணுப்பது வாயசைவிலேயே தெரிந்தது. கை லைட்டரைத் தேடியது.

டிரைவர் ஒயரை இரண்டு கையாலும் பிடித்தார். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். வரவில்லை. அவர் சுற்றிய டேப் ஆயிற்றே. இரண்டாம் தடவை இழுத்தார். லைட்டர் அவள் கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் தடவை குடலே கழன்று விழுகிற மாதிரி இழுத்தார்.

பிளக் பிய்த்துக்கொண்டு பறந்து பாத்திரத்தில் 'டங்'கென்று மோதியது. அங்கேயும் ஒரு பொறி பறந்திருக்கும். அது ஏன் பற்றவில்லை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டிரைவர் செய்த புண்ணியம் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

மெஷின் அடங்கியது.

"ஐயோ! என்னங்க இது?"

"அடுப்பப் பத்த வைக்காத!" ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார். "எந்த சுவிட்சயும் தொடாத! சன்னலத் தொறந்து வுட்டுட்டு வெளிய ஓடு!"

"மூணு நாளா ஊமை. இப்ப அதிகாரமா?"

"உள்ள பூரா தின்னருடி! பத்துச்சுன்னா ரெண்டு பேரும் கரிக்கட்ட!"

லைட்டர் கீழே விழுந்தது. சன்னல் படார் படார் என்று திறந்தது. அடுத்த நிமிஷம் அவள் ஷெட் கதவை இடித்துக்கொண்டிருந்தாள். "தொறங்க!"

"சாவி சட்டைல இருக்கு."

"உள்ள பூட்டிக்கிட்டு சாவிய வெளிய வச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!"

கதவுக்கடியில் சாவியைத் தள்ளினாள். டேப் தடுத்தது. டிரைவர் குனிந்து நகத்தால் பிறாண்டினார். குனிந்தவருக்கு நிமிர முடியவில்லை. தரை ஆடியது. கொஞ்சம் படுத்தால் தேவலை என்று தோன்றியது.

"என்னங்க, சத்தத்தைக் காணோம்?"

கதவை இன்னொரு தரம் இடித்தாள்.

"தூங்குனீங்க, பொண்ணுக்கு ஃபோனப் போட்டு எல்லாத்தயும் சொல்லிடுவேன். அந்த மெஷின் கதையிலேருந்து!"

"சொல்லேன்..."

"பேசுங்க. பேசிக்கிட்டே கிழிங்க. மண்டைக்கனத்துக்கு மட்டும் தெம்பு இருக்குல்ல, கிழிங்க!"

திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் அம்மா, தம்பி, லாரி, ஒன்றையும் விடவில்லை. அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டுதான் டிரைவர் டேப்பைக் கிழித்தார். சாவி கைக்கு வந்தது. பூட்டில் இரண்டு ஓட்டை தெரிந்தது. ஒன்றில் குத்தினார், சறுக்கியது. மற்றதில் குத்தினார், திரும்பியது.

கதவோடு சேர்ந்து வெளியே விழுந்தார். அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தரதரவென்று முற்றத்தின் கோடிவரை இழுத்துப் போட்டாள். அங்கே மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தார். அவள் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் தன் புடவையை முகர்ந்து பார்த்தாள். முந்தானையெல்லாம் தின்னர் நெடி. லைட்டர் பிடித்த கையை ஒருமுறை பார்த்தாள்.

அப்புறம் கையிலிருந்த அவர் சட்டையைச் சுருட்டி அவரை அடிக்க ஆரம்பித்தாள். முதுகில், தோளில், விழுந்த இடத்தில். அழுதுகொண்டே அடித்தாள். டிரைவர் தடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எவ்வளவு காற்று கிடைக்குமோ அவ்வளவையும் இழுத்துக்கொண்டு கிடந்தார்.