தார் ரோட்டில் மட்டும்

மண் ரோடு முடிந்து தார் தொடங்கியதும் ரினிங் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். முதல் வளைவில் அடியில் டக்கென்றது. அடுத்த வளைவில் சம்மட்டியால் போட்டது போல் விழுந்தது.

பின் இருக்கையில் உப்புப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்த சிகாங் அக்கா கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

"அடியில யாரையாவது கட்டி வச்சிருக்கியா ரினிங்? வெளிய விடச் சொல்லிக் கேக்குறான்."

ரினிங் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். பக்கத்தில் யூடான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவள் கணவனின் தம்பி. மலையில் பாதி வண்டிகளுக்கு அவன்தான் வைத்தியம். ஈஸ்டருக்குப் பிறகு இந்தச் சத்தம் வந்தபோது முதலில் இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் நீளத்தண்டின் மூட்டுகளை மாற்றினான். சத்தம் போகவில்லை. கியர் எண்ணெயைத் தட்டில் வடித்து விரலால் தடவிப் பார்த்தான். இரும்புத்தூள் ஒரு பொட்டு இல்லை. அப்படியும் கியர்பாக்ஸ்தான் என்று முடித்துவிட்டான். கீழே லாவாஸ் டவுனில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிறவனுக்கு அவனே சொல்லியும் வைத்தான். இன்று உப்பையும் அரிசியையும் இறக்கிவிட்டு வண்டியை அங்கே விட வேண்டும்.

மிரி நகரத்தில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் பாலாங் போனில் தம்பி சொல்வதைக் கேள் என்றான். வண்டி போனால் நீயும் இங்கேயே வந்துவிடு என்றான். அவன் இருப்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. ரினிங் அதைப் பார்த்திருக்கிறாள்.

வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் இறுகியது. வயலில் இறங்க மறுக்கும் எருமையை இழுப்பது போலிருந்தது. இவ்வளவு இழுப்பு கியர்பாக்ஸிலிருந்து வருமா? தூள் உதிர்க்காமல் ஒரு பல் எப்படித் தேயும்? மேட்டில் இடம் பார்த்து நிறுத்தினாள். பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். ஜாக்கியை எடுத்தாள்.

"எதுக்கு அண்ணி?"

"முன் சக்கரத்தத் தூக்கிப் பாக்கணும்."

"புதைக்கப் போற பொணத்துக்கு நாடி பாக்குறீங்க."

"புதைக்கிறதுக்கு முன்னாடிதான பாக்கணும்."

சிகாங் அக்கா சிரித்தபடி இறங்கினாள். குழைந்த சோற்று இலைப்பொதியைப் பிரித்து ரோட்டோரம் உட்கார்ந்தாள். யூடான் சிகரெட்டைப் பற்றவைத்தான்.

ரினிங் ஜாக்கியைச் சுழற்றினாள். இன்ஜின் நின்றிருந்தது. கை பிரேக் போட்டிருந்தது. டயர் தாரை விட்டு மேலெழுந்த கணத்தில் சக்கரம் தானாக, வெடுக்கென்று கால் சுற்றுச் சுற்றி நின்றது. வண்டியின் அடியிலிருந்து நீளமாக ஒரு முனகல் வந்து அடங்கியது.

சிகாங் அக்காவின் கை சோற்றோடு நின்றுவிட்டது.

ரினிங் குந்தியபடியே இருந்தாள். முறுக்கிய ஈரத்துணியின் ஒரு நுனியை விட்டால் அப்படித்தான் பிரியும். அப்படியானால் ஏதோ இவ்வளவு நேரம் முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் முன் டயரில் கை வைத்தாள். வழவழவென்று தேய்ந்து சிறுத்திருந்தது. எழுந்து போய்ப் பின் டயரைத் தொட்டாள். ஈஸ்டருக்கு மாட்டிய புது டயர். வரிகளில் விரல் பதிந்தது.

"யூடான், தார் எப்பப் போட்டாங்க?"

"அதே ஈஸ்டருக்குத்தான்."

அவள் முன் சக்கரத்தின் நடுவில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினாள். உள்ளே ஒரு திருகு இருந்தது. முன் சக்கரங்களை இன்ஜினோடு பூட்டுகிற திருகு. வண்டி மலையேறிய நாளில் பாலாங் பூட்டியது. மேலே எல்லோரும் அப்படித்தான், பூட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். முழங்கால் சேற்றில் இறங்கித் திருக யாருக்கு மனசு வரும்? நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே இழுக்கும். சேற்றில் அது நல்லது. சின்ன டயர் வேகமாகச் சுற்ற வேண்டும், பெரிய டயர் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்றால் சேறு வழுக்கி வழி விடும். தார் விடாது.

"கியர்பாக்ஸ் இல்ல. இது நாமளே பூட்டுன பூட்டு."

யூடான் சிகரெட்டைக் காலால் நசுக்கினான். குனிந்து பார்த்தான். விரலால் திருகைத் தொட்டான்.

"சின்ன கியரும் இதனாலதான் பின்னால வரலயா?" என்று கடைசியில் கேட்டான். வண்டியை ரெண்டு சக்கர இழுப்புக்கு மாற்றும் அந்தச் சின்னக் கியர் கம்பி மாதக்கணக்காக இறுகிக் கிடந்தது. துரு என்று நினைத்திருந்தார்கள்.

அவள் உள்ளே கை விட்டு அதைப் பிடித்தாள். முறுக்கு பிரிந்திருந்ததால் வெண்ணெயில் கத்தி போலப் பின்னால் வந்தது.

ஒரு பக்கத் திருகு குறடு வைத்ததும் திரும்பியது. இன்னொன்றுக்கு எண்ணெய் விட்டு, தட்டி, சிகாங் அக்காவின் திட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பியது. வண்டியை இறக்கி ஓட்டினார்கள். வளைவு வந்தது. அடியில் சத்தமே இல்லை. வளைவு போயிற்று.

"என்னடி, இன்ஜின் நின்னுபோச்சா?" என்றாள் சிகாங் அக்கா.

லாவாஸில் பழைய வண்டிக்காரன் வாசலிலேயே நின்றிருந்தான். ஸ்பானர் பெட்டி கூடத் தயாராக இருந்தது. ரினிங் சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. பின் டயரைக் காட்டி, இதே அளவில், அதிகம் தேயாத ரெண்டு டயர் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் யூடானைப் பார்த்தான். யூடான் டயர்க் குவியலைப் பார்த்தான்.

ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான் கடைக்காரன். அதுவரை தாரில் திருகைத் திறந்து விட்டே ஓட்டலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். வாங்கிய டயரைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் பாலாங் கூப்பிட்டான். மிரிக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டான். கிறிஸ்துமஸுக்கு வண்டியிலேயே வருகிறேன் என்றாள்.

சாயங்காலம் தார் முடியும் இடத்தில் நிறுத்தினாள். முன்னால் சேறு மின்னியது. மழை பெய்திருந்தது. ரினிங் கதவைத் திறந்து கணுக்கால் புதைய இறங்கினாள். குனிந்து திருகைப் பூட்டினாள்.

மறுபக்கச் சக்கரத்துக்கு நடக்க நிமிர்ந்தபோது யூடான் ஏற்கெனவே அங்கே சேற்றில் குந்தியிருந்தான்.